விளக்கறையில் விழுந்த நிழல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது வேலைக்கே சேரவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி, யாரோ அழுத சத்தம் கேட்டதாம், கதவு தானாகத் திறந்ததாம் என்று அளந்துவிடுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சத்தமும் கேட்கவில்லை. கதவும் தானாகத் திறக்கவில்லை, சாவி என் கையில்தான் இருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

விளக்கக்கா என்பது அவளுக்கு நாங்கள் வைத்த பெயர். கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும் விளக்கறை அவள் பொறுப்பு. ஒரு சூரிய மின்செல் எத்தனை காலம் தாங்கும் என்று வெயிலில் வைத்துக் காத்திருந்தால் நம் ஆயுசு முடிந்துவிடும். அதற்காகத்தான் அந்த அறை. கூரை முழுக்க விளக்கு, சுவர் முழுக்க வெள்ளை, செல்லுக்கு அடியில் சூடான தட்டு. ராத்திரி, விடுமுறை எதுவும் கிடையாது, எப்போதும் உச்சிவெயில். எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் அடிப்பதால் உள்ளே போகிறவருக்கு நிழல் விழாது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், நம் நிழல் வாசலோடு நின்றுகொள்ள நாம் மட்டும் உள்ளே போவதுபோல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் குனிந்து குனிந்து காலடியைப் பார்ப்பார்கள்.

“என்ன, எதையாவது தொலைச்சிட்டியா?” என்று அக்கா சிரிப்பாள்.

அவளுக்கு மட்டும் அந்த அறை பிடித்துப்போயிருந்தது. இங்கே வருவதற்கு முன் ஒரு போட்டோக் கடையின் இருட்டறையில் சிவப்பு பல்பின் கீழே படம் கழுவிக்கொண்டிருந்தாளாம். “பாதி வாழ்க்கையை இருட்டுலயே ஓட்டியாச்சு, மீதியையாவது வெளிச்சத்துல ஓட்டலாம்னு வந்தேன்” என்பாள். செல்களோடு ஓயாமல் பேசுவாள். சோர்ந்த செல்லைப் பார்த்து, “ஏன்டா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?” என்பாள். நான் அளக்கிறவள். ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மின்சாரம் என் கணினியில் ஒரு கோடாக ஓடும். அக்கா திட்டிய செல்லின் கோடு அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்தாற்போல எனக்கே தோன்றும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். வாயாடி என்று அக்கா எனக்கு வைத்த பெயருக்கு அது ஒன்றுதான் விதிவிலக்கு.

அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டது இங்கேதான், நாற்பதை நெருங்கும் வயதில். மாப்பிள்ளை பூச்சு அண்ணன். செல்களின் மேல் படலம் பூசுவது அவர் வேலை. காற்றும் ஈரமும் படக் கூடாது என்பதால் அந்த வேலை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நடக்கும். பெட்டியின் பக்கத்தில் நீளமான கறுப்புக் கையுறைகள் ஒட்டியிருக்கும், அவற்றுக்குள் கையை விட்டுத்தான் உள்ளே எதையும் தொடலாம். ஆள் இல்லாத நேரத்தில் உள்ளேயிருக்கும் வாயு தள்ளி, அந்தக் கையுறைகள் வெளியே விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கும். தெரியாமல் அந்த அறைக்குள் போனால் ஒரு நிமிஷம் நெஞ்சு அடைத்துவிடும்.

“ரெண்டு கறுப்புக் கை நீட்டிக் கூப்பிட்டா வேற எந்தப் பொண்ணு வருவா? நான்தான் ஏமாந்து போய்க் கையைக் குடுத்தேன்” என்பாள் அக்கா. அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு பெட்டிக்குள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது செல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. அடியில் சிலிக்கான், அதன்மேல் பெரோவ்ஸ்கைட் என்ற மெல்லிய உப்புப் படலம். மேலே இருப்பது நீல வெளிச்சத்தைத் தின்னும், அது விட்டுவைத்த சிவப்பைக் கீழே இருப்பது தின்னும். தனித்தனியே கிடைப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் மின்சாரம் அதிகம். எங்கள் பேச்சில் அதன் பெயர் ஜோடி. கீழே இருக்கும் சிலிக்கான் கல்லுக்குண்டு மாதிரி வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பது அப்படியில்லை. ஈரம் பட்டால் மஞ்சளாகும், சூட்டில் கெடும், வெறும் வெளிச்சத்திலேயே துவண்டுபோகும். இரண்டையும் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் ஒன்று சுணங்கினால் மற்றதும் சுணங்க வேண்டியதுதான்.

“மேல இருக்கறது ஆம்பளை. ஒரு தும்மலுக்கே படுத்துக்கும்” என்பாள் அக்கா.

“கீழ இருக்கறது பொண்டாட்டி. என்ன சொன்னாலும் அசையாது” என்பார் அண்ணன்.

அந்தப் படலத்துக்கு ஒரு விநோதமான குணம் உண்டு. வெளிச்சத்தில் துவண்டதை இருட்டில் விட்டால் தேறும். செத்துவிட்டது என்று ஒதுக்கிப்போட்ட செல்லை அலமாரியிலிருந்து எடுத்து அளந்தால் கொஞ்சம் உயிர் வந்திருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதனால்தான் விளக்கறையில் விளக்கை அணைப்பதே இல்லை. நடுவில் சிறிது நேரம் நிழல் பட்டாலும் அந்தச் சோதனை செல்லாது. இன்னொரு விதியும் உண்டு. நூறில் தொடங்கிய செல் எண்பதுக்கு இறங்கிவிட்டால் அதன் கதை முடிந்தது. எடுத்து இரண்டாக உடைத்து, உள்ளே எந்த அடுக்கு கெட்டது என்று நுண்ணோக்கியில் பார்ப்போம்.

படலத்தை நிலைக்கவைக்க அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். சூடு ஆறுவதற்குள் அதன்மேல் ஓர் உப்புக் கரைசலை ஓடவிடுவது. “செஞ்சு குடுங்க. விளக்கறையில நின்னா ஆளும் காசும் போட்டு எல்லாரும் கத்துக்கலாம், நிக்கலைன்னா மூட்டை கட்டிடலாம்” என்றார் மேடம். மேடம் எங்கள் தலைவி. கறார், ஆனால் நியாயமான மனுஷி. அண்ணன் செய்ததில் இரண்டு ஜோடிகள் குறையில்லாமல் வந்தன. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். அண்ணன் செய்த செல்லை விளக்கடியில் தன் கையால்தான் வைப்பேன் என்றாள். வைத்தாள். செல்களோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். கறுப்புக் கையுறைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அறை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். நானும்தான்.

அண்ணன் செல்லின் கோடு அதிசயமாக இருந்தது. மற்ற செல்கள் இறங்கிக்கொண்டே போயின. இது இறங்கும், மறுநாள் ஏறும், மறுபடி இறங்கும், மறுபடி ஏறும். மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. நல்லது நடந்தால் சந்தேகப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம்? கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வெட்டு. மின்சாரம் அடியோடு விழுகிறது, கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கிறது, பிறகு முன்பைவிடத் தெம்பாக எழுகிறது. யாரோ அதை இருட்டில் தூங்கவைத்து எழுப்புகிறார்கள்.

“அக்கா, சாப்பாட்டுக்கு அப்புறம் அந்தச் செல் மேல எதை வைக்கிற?” என்று நேராகவே கேட்டேன்.

“கையைத்தான்” என்றாள். மறுக்கக்கூட இல்லை.

“உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? இந்த அறையைப் பார்த்துக்கற உனக்குத் தெரியாதா?”

“தெரியும்டி. அவருக்கு விளக்கு எரிஞ்சா தூக்கம் வராது. எனக்கு விளக்கை அணைச்சா வராது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே ரகளை. கடைசில விளக்கை எரிய விட்டுட்டு, என் கையை அவர் கண்ணு மேல வச்சுக்குவேன். அப்படியே தூங்கிடுவார். இது அங்க கண்ணைத் தொறந்துகிட்டே கிடக்குடி. எண்பதுக்கு வந்துட்டா உடைச்சிடுவீங்க. என்னால முடியல.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. “நீ அதைக் காப்பாத்தல, கெடுத்து வச்சிருக்க. அது தானா நின்னுச்சா, உன் கை போட்ட நிழல்ல நின்னுச்சான்னு இனி யாருக்குத் தெரியும்? அண்ணன் செஞ்சது நல்லதுன்னு இனி எவன் நம்புவான்?”

அவள் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கோணத்தில் அவள் யோசித்தே பார்க்கவில்லை. எழுந்து நேராக மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

மேடம் கத்தவில்லை. அந்தச் செல்லைச் சோதனையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். பிறகு, “இன்னொண்ணு மிச்சமிருக்கு. அதைப் புதுசா வைப்போம். நீங்க அந்த அறைப்பக்கம் போகக் கூடாது, சாவி இவகிட்ட இருக்கட்டும். இதுலயும் ஒரு வெட்டு விழுந்தா அந்தப் பூச்சை அதோட விட்டுடுவோம். உங்களையும் வெளிய அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழி இருக்காது” என்றார். அக்கா தலையாட்டினாள். அவளைக் கண்ணாடித் தகடு கழுவும் வேலைக்கு மாற்றினார்கள்.

எந்தச் செல்லையும் வைத்த நாளிலிருந்தே கணக்கில் எடுப்பதில்லை. முதல் ஒரு வாரம் வெளிச்சத்துக்குப் பழகவிடுவோம், பிறகுதான் கணக்கு. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கணக்கு, அன்றைக்கு முதல் மேடமே தன் திரையில் பார்க்கப்போகிறார். அதுவரைக்கும் பார்க்கிற ஒரே ஆள் நான்.

முதல் நாளே வெட்டு விழுந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதே ஆழத்தில், அதே அகலத்தில்.

அந்த நேரத்தில் அக்கா எங்கே இருந்தாள் தெரியுமா? கேன்டீனில் என் எதிரில். நான் சாப்பிடாமல் வைத்ததை எடுத்துத் தின்றுகொண்டு. சாவி என் பையில். விளக்கில் கோளாறு என்று நினைத்தேன், பக்கத்துச் செல்களில் வெட்டு இல்லை. கிளிப் சரியில்லை என்று மாற்றினேன். மறுநாளும் விழுந்தது. வயரை மாற்றினேன். விழுந்தது. செல்லையே எடுத்துத் தட்டின் மறுகோடியில் வைத்தேன். வெட்டும் கூடவே மறுகோடிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மாற்றுவதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டை விட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். மின்விசிறிகளின் ஒரே சீரான இரைச்சல். சூடான பிளாஸ்டிக் வாசனை. கண் கூசும் வெள்ளை. மற்ற செல்கள் எல்லாம் வரிசையாகப் பளபளத்துக்கொண்டிருந்தன. அண்ணன் செல் கறுத்துக் கிடந்தது. முதலில் அழுக்கு படிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். நிழல். நிழலே விழாத அறையில், விளிம்பு பிசகாமல், விரல் விரலாக ஒரு கை நிழல். அதற்கு மேலே வெறும் காற்றுதான். இரும்பு ஸ்கேலை நீட்டி நடுவில் துழாவினேன். ஒன்றும் தட்டவில்லை. அடுப்பாகக் கொதிக்கும் அந்தத் தட்டின் மேல் அந்த ஓரிடத்தில் மட்டும் மரத்தடியில் நிற்பதுபோலக் குளிர்ச்சி இருந்தது.

பெரிய கை. கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்திருந்தது. வருஷக்கணக்காகச் சொட்டுக்குழாயை அழுத்தி அழுத்தி அண்ணனின் கட்டைவிரல் அப்படித்தான் வளைந்துபோயிருந்தது.

ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். கால் வரவில்லை. அந்தக் கை தன் வேலையை முடித்துக்கொண்டு விலகும்வரை, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். சட்டை நனைந்துவிட்டது. வெளியே வந்து வாசல்படியில் என் நிழல் காலடியில் விழுந்ததும்தான் மூச்சு வந்தது.

சனிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அங்கே வரக் கூடாது என்பது தெரியும். தெரிந்தேதான் செய்தேன். என்ன ஏது என்று எதுவும் சொல்லவில்லை, வா என்று மட்டும் சொன்னேன்.

செல்லின் மேல் நிழல் மெல்லக் கனத்தது. அக்கா பார்த்தாள். பயப்படவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் யாரிடமும் பார்த்ததில்லை.

“ஏங்க” என்றாள். தன் கையைக் கொண்டுபோய்ச் செல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். நிழலின் விரல்கள் நீண்டு அவள் புறங்கைமேல் படிந்தன. “சில்லுன்னு இருக்குடி” என்றாள் என்னிடம். எனக்குக் கண்ணீர் வழிந்து கண்ணாடிக்குள் தேங்கியது.

அப்போது நான் ஒன்று சொன்னேன். கோட்டை அளக்கிறவள் வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தை அது. “அக்கா, நீ கவலைப்படாத. மேடம் பார்க்கறதுக்கு முன்னாடி வெட்டை நான் நிரவிடறேன். வெளிய யாருக்கும் தெரியாது. அவர் உன்கிட்ட வந்துட்டுப் போகட்டும்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டும் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் செய்திருப்பேன், இன்றுவரை செய்துகொண்டிருப்பேன்.

“அப்ப அவர் செஞ்சது பொய்யாயிடுமே” என்றாள்.

நிழல் அசையாமல் அவள் கைமேல் கிடந்தது. அக்கா அதைப் பார்த்து, வீட்டில் பேசுகிற குரலில் பேசினாள்.

“ஏங்க, கையை எடுங்க. நீங்க பண்ணினது தானா நிக்கும். நான்தான் நம்பாம நடுவுல போய்க் கெடுத்தேன். நீங்களும் அதையே பண்ணாதீங்க. அது நிக்கட்டும், இல்ல விழட்டும். விழுந்தா நானே உடைச்சுப் பார்க்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போங்க. சொன்னாக் கேளுங்க, போய்த் தூங்குங்க.”

சுண்டுவிரல் முதலில் மங்கியது. பிறகு ஒவ்வொரு விரலாக. வளைந்த கட்டைவிரல் மட்டும் அவள் மணிக்கட்டின் மேல் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. அதுவும் போன பிறகு அந்த இடம் மற்ற இடங்களைப் போலவே வெள்ளையாக இருந்தது. சூடு திரும்பிவிட்டது. அக்கா கையை எடுக்கவில்லை. தோல் சிவந்த பிறகு நான்தான் இழுத்து எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டு விழவில்லை. திங்கட்கிழமை கணக்கு தொடங்கியது, அன்றும் இல்லை. கோடு ஏறவில்லை, துள்ளவில்லை. மெல்ல மெல்ல, யோக்கியமாக இறங்கியது. பக்கத்தில் வைத்த செல்கள் ஒவ்வொன்றாக எண்பதைத் தொட்டு உடைபட்டன. அவை இருந்த இடத்தில் வேறு செல்கள் வந்து, அவையும் உடைபட்டன. அண்ணன் செல் தொண்ணூறுக்கு மேலேயே நின்றது. மேடம் அக்காவை விளக்கறைக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் பூச்சைக் கற்றுக்கொள்ள ஆட்களையும் போட்டார்.

அக்கா தினமும் மதியம் என் மேஜைக்கு வருவாள். “இன்னிக்கு ஏதாவது வெட்டு விழுந்துச்சாடி?” என்பாள். “இல்லக்கா” என்பேன். “நல்லது” என்று போய்விடுவாள். சோதனை கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையில்தான் கேட்கிறாள் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் மூளை என்று ஒன்று இருக்கிறதாம்.

சோதனை வெற்றி என்று அறிவித்த அன்றைக்கு மேடம் எல்லோரையும் கூட்டி, பெரிய திரையில் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டினார். “முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பாருங்க, ஒரு வெட்டு கிடையாது. இவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததில்லை” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். தட்டிக்கொண்டே திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் எதையோ தேடுவதுபோலப் பார்த்தாள்.

வெளியே வராந்தாவில் போய் அவள் தோளைத் தொட்டேன். “அண்ணன் ஜெயிச்சுட்டார்க்கா” என்றேன்.

“ஆமாடி” என்றாள். “குடை எடுத்துட்டுப் போங்கன்னா எடுக்க மாட்டார். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றீங்களே, டாக்டரைப் பாருங்கன்னா பார்க்க மாட்டார். நான் சொன்ன எதையுமே கேட்காத மனுஷன். இந்த ஒண்ண மட்டும் கேட்டுட்டாரே.”